வலைப்பின்னல் வணிகத்தின் முதல்வர்கள்: மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தை நிலைக்களனாகக் கொண்ட ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு வாவியின் இருகரைகளிலும் வலைப்பின்னல் வணிகம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஏமாந்தவர்களைப் பற்றியே பேசப்படுகிறது. ஆசை, அறியாமை, கிராமத்தாரின் கள்ளமற்ற மனம் என்பனவே காரணங்களாகக் காட்டப்படுகின்றன. இவை அறவியல் விளக்கங்கள், வரலாற்று விளக்கங்களல்ல. இத்தகைய வணிகங்களைத் தொடக்கியோர் யார், எந்த வர்க்கத்திலிருந்து வந்தோர், அவர்களது முதற் பணம் எங்கிருந்து கிடைத்தது, அவர்களுக்கும் படுவான்கரைக் கிராமமொன்றின் முன்பள்ளி ஆசிரியைக்கும் இடையே தொடர்பை உண்டாக்கிய இடைநிலையாளர் யாவர் என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதேயில்லை. அவ்வினாக்களை எழுப்பி, இயன்ற அளவிற்கு விடை தேட முனைவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலக்கிய மாணவருக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளர். வலைப்பின்னல் வணிகத்திற் கைமாறும் பண்டம் மாத்திரையாகவோ, தங்க நாணயமாகவோ, கைத்தொலைபேசித் திரையில் ஓடும் இலக்கங்களாகவோ இருக்கலாம். ஆயின் அப்பண்டத்தை நகர்த்துவது ஒரு கதையே. முதல்வரின் வாழ்க்கைக் கதை, முன்னேறியவரின் சாட்சியம், கூட்டத்தில் நிகழ்த்தப்படும் உரை ஆகிய மூன்று பனுவல்களின்றி இவ்வணிகம் ஒரு நாளேனும் நடவாது. பனுவலை அதன் சமூக அடித்தளத்தோடு பொருத்திப் படிப்பதே எமது பயிற்சி. அவ்வகையில் இது எமது துறைக்குப் புறம்பானதன்று.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 1920ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் சாள்ஸ் பொன்சி நடத்திய மோசடியில் பணமிட்டவர் வேறொன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பின்வந்தவரின் பணம் முன்வந்தவருக்கு இலாபமாகக் கொடுக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு இலங்கையிற் சரிந்த சக்விதி, கோல்டன் கீ ஆகியனவும் வைப்பாளரை வாளாவிருக்கச் செய்தனவே. வலைப்பின்னல் வணிகம் அவ்வாறானதன்று. இங்கே பணமிட்டவர் உழைக்கவும் வேண்டும். ஆள் தேடுதல், வீடு வீடாகச் செல்லுதல், கூட்டம் ஒழுங்குசெய்தல், தேநீர் வழங்குதல், ஐயம் தீர்த்தல், வந்தவர் விலகாது காத்தல் ஆகிய அனைத்தும் கூலியற்ற உழைப்பாக அவரிடமிருந்து பெறப்படுகின்றன. ஏமாற்றப்படுபவரே ஏமாற்றும் தொழிலின் உழைப்பாளியாகவும் இருப்பது இவ்வணிகத்தின் தனித்தன்மையாகும். இதனை மனங்கொள்ளாது இதன் முதல்வர்களை விளங்கிக்கொள்ள இயலாது. அவர்கள் பெரும்பாலும் நிதியாளர்களல்லர். விற்பனைப் பிரதிநிதிகளிடையிலிருந்து எழுந்தவர்கள். பிறரின் விற்பனை உழைப்பை ஒழுங்கமைப்பதே அவர்கள் கண்டறிந்த வித்தை.

இவ்வித்தையின் தோற்றம் எமது வாவிக்கு வெகு தொலைவில் உள்ளது. எனினும் அது ஆசியாவோடு தொடர்பற்றதன்று. கார்ல் ரென்போர்க் என்னும் அமெரிக்கர் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முதற்காற்பகுதியிற் சீனத்துத் துறைமுக நகரங்களில் அமெரிக்கப் பண்டங்களின் வணிகப் பிரதிநிதியாகப் பணியாற்றியவர். 1920களின் பிற்பகுதியிற் சாங்காய் நகரில் உள்நாட்டுக் கலகம் மூண்டபோது அங்கு அடைபட்டிருந்த காலத்தில் உணவுச் சத்துக் குறைபாடு பற்றிய சிந்தனை தமக்குத் தோன்றியதென அவரது வரலாறு கூறுகிறது. நாடு திரும்பி 1934இற் கலிபோர்னியாவிற் சத்துமாத்திரைக் கம்பனி ஒன்றைத் தொடங்கினார். அது 1939இல் நியூட்ரிலைட் எனப் பெயர் பெற்றது. 1945இல் இம்மாத்திரைகளை விற்பதற்கு மிற்றிங்கர், கசல்பெரி என்னும் இருவர் வகுத்த முறையே பலபடி விற்பனை முறையின் முன்மாதிரியாகக் கொள்ளப்படுகிறது. தான் விற்பதன் இலாபத்தோடு, தான் சேர்த்தவர் விற்பதிலும் ஒரு பங்கு என்பதே அதன் சாரம். ஏகாதிபத்திய வணிகத்தின் கடைநிலைப் பிரதிநிதி ஒருவர், கலகத்தில் அகப்பட்ட ஆசிய நகரொன்றிலிருந்து கொண்டுசென்ற கதையே அம்மாத்திரையின் முதல் விளம்பரமாயிற்று.

1949இல் நியூட்ரிலைட்டின் விநியோகஸ்தர்களாகச் சேர்ந்த ஜே வான் அண்டெல், ரிச்சர்ட் டிவோஸ் ஆகிய இரு நண்பர்கள் 1959இல் மிச்சிகன் மாநிலத்து ஏடா என்னும் ஊரில் ஆம்வே நிறுவனத்தைத் தொடங்கினர். இருவரும் ஒல்லாந்தக் குடியேறிகளின் வழிவந்த கல்வினிய சமயத்தார். சிறு வணிகனின் சிக்கனம், சபைக் கூட்டத்தின் சாட்சியம், தொழிற்சங்க வெறுப்பு ஆகிய மூன்றும் கலந்த ஒரு கருத்தியலை அவர்கள் வணிகத்திற்குள் கொணர்ந்தனர். மக்ஸ் வேபர் உயிரோடிருந்திருப்பின் தமது நூலுக்கு மேலும் ஓர் இயல் எழுதியிருப்பார். வான் அண்டெல் பின்னர் அமெரிக்க வர்த்தக சம்மேளனத்தின் தலைவராகவும் விளங்கினார். 1979இல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு ஆம்வே பிரமிட் திட்டமன்று எனத் தீர்த்தது. வருவாய் பற்றிய மிகைக் கூற்றுகளையும் விலை நிர்ணயத்தையும் கண்டித்தது. அத்தீர்ப்பு உலகெங்கும் இத்தகைய நிறுவனங்கள் தமக்குக் கவசமாக எடுத்துக்காட்டும் ஆவணமாயிற்று. இந்தியா அதற்கு ஓராண்டு முன்னரே, 1978இற் பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்யும் சட்டத்தை இயற்றியிருந்தமை ஒப்புநோக்கத்தக்கது. ஒரே காலப்பகுதியில் இரு அரசுகள் ஒரே வகைச் செயலை எதிரெதிராக மதிப்பிட்டன.

இலங்கைக்கு வருவோம். 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை புகுத்தப்பட்டபின் நிதிக் கம்பனிகள் புற்றீசல்போலப் பெருகின. அவற்றைக் கட்டுப்படுத்த 1979இல் ஒரு சட்டமும், பல கம்பனிகள் நிலைகுலைந்தபின் 1988இல் இன்னொரு சட்டமும் இயற்றப்பட்டன. ஆயின் கிழக்கு மாகாணம் அக்காலத்திற் போருக்குள் தள்ளப்பட்டுவிட்டது. கொழும்பிலும் மேல் மாகாணத்திலும் நடுத்தர வர்க்கத்தார் வைப்புப் பணத்தை இழந்துகொண்டிருந்த ஆண்டுகளில் மட்டக்களப்பார் இழந்தவை வேறு.

2000ஆம் ஆண்டையடுத்து இலங்கையிற் பெரிதும் பேசப்பட்டது கோல்ட் குவெஸ்ட் என்னும் நிறுவனமாகும். 1998இல் ஹொங்கொங்கைத் தளமாகக் கொண்டு அது தொடங்கப்பட்டது. அதன் முதல்வர்களுள் முதன்மையானவர் விஜய் ஈஸ்வரன். பிலிப்பைன்ஸ் நாட்டவரான ஜோசப் பிஸ்மார்க் அவரோடு இணைந்தவர். ஈஸ்வரன் 1960இற் பினாங்கிற் பிறந்த மலேசியத் தமிழர். மலேசியத் தொழில் அமைச்சில் உத்தியோகம் பார்த்த ஒருவரின் மகன். இலண்டன் பொருளியற் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1986இல் அமெரிக்காவின் தென் இலினோய் பல்கலைக்கழகத்தில் வணிக முகாமை முதுமாணிப் பட்டமும் பெற்றவர். இவ்விபரங்கள் யாவும் வெளிப்படையானவை. அவற்றை அவர் தம் வரலாற்றிற் சொல்லும் ஒழுங்கே எமது கவனத்திற்குரியது. பிரான்சிற் திராட்சை பறித்தமை, பெல்ஜியத்திற் கட்டட வேலை செய்தமை, இலண்டனில் வாடகைக் கார் ஓட்டியமை ஆகியன முன்னிறுத்தப்படுகின்றன. உத்தியோகக் குடும்பத்துப் பின்னணியும் இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களிற் பெற்ற கல்வியும் அக்கதையில் இரண்டாம் இடத்தையே பெறுகின்றன. உண்மை திரிக்கப்படவில்லை, வரிசை மாற்றப்பட்டுள்ளது. புனைகதை ஆராய்வோர் அறிவர், வரிசையே பொருளைத் தருவதென்பதை.

அவர் 2005இல் மௌனம் பற்றி ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட நூலும் இங்கு குறிக்கத்தக்கது. நாளொன்றில் ஒரு மணிநேரம் பேசாதிருத்தலையும் எழுதுதலையும் பயிலுமாறு அது கூறும். பேச்சாற் பிழைக்கும் வணிகமொன்றின் முதல்வர் மௌனத்தைப் போதிப்பதை முரண் எனக் கொள்ள வேண்டியதில்லை. ஆன்மிக குரு, வணிக முதலாளி என்னும் இரு பாத்திரங்களும் தமிழ் நடுத்தர வர்க்க மனத்தில் ஏற்கெனவே அருகருகே இருந்தவை. அவற்றை ஒருவரிற் காண்பது அவ்வர்க்கத்திற்கு ஆறுதலளித்தது. மேலும், முதல்வர் ஒரு தமிழர் என்ற செய்தி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எந்த விளம்பரத்தினும் வலிமை வாய்ந்ததாய் இருந்திருக்கும். இன உணர்வு வர்க்க உண்மையை மறைக்கும் திரையாகப் பயன்படுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு. போர்க்காலத்து ஈழத் தமிழருக்குத் தமது இனத்தவர் ஒருவர் உலக வணிகராகத் தோன்றியமை எத்தகைய உளப்பசியைத் தணித்திருக்கும் என்பதை நாம் எளிதாக எள்ளிவிட முடியாது.

தங்கம் ஏன் முதற் பண்டமாயிற்று? 1997இல் தாய்லாந்திற் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடி தென்கிழக்காசிய நாணயங்களின் மதிப்பைச் சரித்தது. மறு ஆண்டே தங்க நாணயங்களை விற்கும் வலைப்பின்னல் தோன்றியது. நாணயத்தின்மீது நம்பிக்கை இழந்த சிறு சேமிப்பாளர் தங்கத்தை நாடுவர். ஆயின் அவர் வாங்கியது ஞாபகார்த்த நாணயம். அதன் விலை உள்ளிருந்த தங்கத்தின் விலையாலன்றி அதன் அபூர்வத்தால் நியாயப்படுத்தப்பட்டது. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலுள்ள தூரத்தை விளக்க மார்க்சிய வகுப்பு நடத்துவோர்க்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைத்தலரிது. அந்நியச் செலாவணி வெளியேறுவதையிட்டு இலங்கை மத்திய வங்கி விழித்துக்கொண்டது. 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தில், 2005ஆம் ஆண்டின் திருத்தத்தால் 83சீ பிரிவு சேர்க்கப்பட்டுப் பிரமிட் திட்டங்கள் தடைசெய்யப்பட்டன. தான் பிரமிட் திட்டமல்லவென்றும் நேரடி விற்பனை நிறுவனமென்றுமே அந்நிறுவனம் கூறிவந்துள்ளது. தமிழகத்தில் அதே நிறுவனத்துக்கெதிராக எழுந்த முறைப்பாடுகள் முறைப்பாட்டாளரோடு செய்துகொண்ட இணக்கத்தால் முடிவுற்றன. அதனை ஏற்று இந்திய உச்ச நீதிமன்றம் 2014இல் வழக்கை நீக்கியது. சட்டத்தின் நோக்கில் இது நல்முடிவு. வரலாற்று மாணவருக்கோ சாட்சியங்கள் பதிவாகுமுன்னரே மூடப்பட்ட ஓர் ஏடு.

சீனத்து லீ ஜின்யுவான் எமது வகைப்பாட்டுக்குள் எளிதில் அடங்கார். 1958இல் கபெய் மாகாணத்துக் காங்சோவிற் பிறந்து, பள்ளிக் கல்வியை முடிக்காமலே எண்ணெய் வயல் தொழிலாளியானவர். 1995இல் தியன்சின் நகரில் தியன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். உழைப்பாளியின் மகன் முதலாளியாவதைச் சீனத்தின் சீர்திருத்தக் காலம் இயல்பாக்கியது. 1998 ஏப்பிரலிற் சீன அரசு இவ்வகை விற்பனையை முற்றாகத் தடைசெய்தது. 2005இலேயே வரையறைகளோடு நேரடி விற்பனைக்கு இடமளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் இத்துறையினர் வெளிநாடுகளை நோக்கித் திரும்பியமை தற்செயலன்று. சொந்த நாட்டிற் தடுக்கப்பட்ட வணிகம் ஏழை நாடுகளிற் சந்தை தேடிற்று. 2015இல் லீ தம் பணியாளர் 6,400 பேரைப் பிரான்சுக்கு உல்லாசப் பயணம் அழைத்துச் சென்றமை உலகச் செய்தியாயிற்று. 2023 ஆகஸ்டில் இலங்கை மத்திய வங்கி, விசாரணையின்பின் தடைசெய்யப்பட்ட திட்டங்களில் ஈடுபட்டனவெனத் தீர்மானித்து வெளியிட்ட பட்டியலில் தியன்ஸ் லங்கா ஹெல்த் கெயார் என்னும் பெயரும் உள்ளது. நீஸ் நகரத்துக் கடற்கரை அணிவகுப்பும் அப்பட்டியலும் ஒரே வணிகத்தின் இரு முனைகள்.

அதே பட்டியலில் எம்.ரி.எப்.ஈ. என்னும் செயலியின் பெயரும் உண்டு. அம்மாதமே அது சரிந்தது. பங்களாதேசத்திற் பணமிட்டோரின் கணக்குகள் கடன்பட்ட கணக்குகளாகத் திரையிற் காட்டப்பட்டன. பணத்தைப் பறித்ததோடமையாது கடனாளியாகவும் ஆக்கிற்று. இதற்கு முன்னைய முதல்வர்கள் தம் உருவப்படத்தை அச்சிட்டனர், நூல் எழுதினர், மேடையேறினர். இங்கே முதல்வருக்கு முகமில்லை. வாழ்க்கைக் கதை எனும் பனுவல் முற்றாக உதிர்ந்துவிட, அதன் இடத்தைத் திரையில் நகரும் இலக்கங்கள் பிடித்துக்கொண்டன. சாட்சியம் மட்டும் எஞ்சியது. அதனைக் கூறியவர்கள் உள்ளூரவர்கள்.

*

உள்ளூரவரை விளங்கிக்கொள்ள வாவிப் பிரதேசத்தின் கடன் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும். ஏறத்தாழ 35 மைல் நீளமான இவ்வாவி நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கிறது. எழுவான்கரையிற் சந்தையும் பள்ளிக்கூடமும் உத்தியோகமும். படுவான்கரையில் வயலும் மாடும் காடும். படுவான்கரை வயல்களின் உடைமை பெரும்பாலும் போடியார் எனப்பட்ட நிலவுடைமையாளரிடமே இருந்தது. வயலில் தங்கி உழைத்தவன் முல்லைக்காரன். விதைநெல்லும் சாப்பாட்டு நெல்லும் போடியாரிடம் முற்பணமாகப் பெற்று, அறுவடையின்போது களத்திலேயே வட்டியோடு அளந்து கொடுத்தான். பல போகங்களில் அளந்து முடிந்தபின் அவனுக்கு மிஞ்சியது அடுத்த போகத்திற்கான கடனே.

இவ்வுறவை இன்று சிலர் பொற்காலமாக வருணிக்க முற்படுகின்றனர். அஃது அப்பட்டமான சுரண்டல். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் 1972இன் காணிச் சீர்திருத்தமும் அதனை ஓரளவே தளர்த்தின. ஆனால் ஓர் உண்மை உண்டு: முல்லைக்காரன் தன்னைச் சுரண்டியவரை அறிந்திருந்தான். போடியாரின் வளவு எங்கே, அவர் எந்தக் குடி, கோயிலில் அவருக்குள்ள உரிமை என்ன, மகளுக்கு அவர் கொடுத்த வயல் எத்தனை ஏக்கர் என்பன யாவும் ஊரறிந்த செய்திகள். கடன்கொடுத்தவரின் பின்னணியை ஆராய்ச்சி செய்தறிய வேண்டிய தேவை அன்றிருக்கவில்லை. திருவிழாவில் மரியாதை மறுக்கவும், கூத்தில் குத்திக்காட்டவும், வயலை விட்டுவிட்டு இன்னொரு போடியாரிடம் போகவும் ஒரு வெளி இருந்தது. வர்க்கப் பிரக்ஞையின் முதற்படி எதிரியின் பெயரை அறிதலாகும். இன்றைய வலைப்பின்னல் அம்முதற்படியையே நீக்கிவிடுகிறது.

போடியாரின் கடனுக்கு மாற்றாக இருமுறை முயற்சிகள் தோன்றின. ஒன்று, 1957க்குப் பின் பரவிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் 1961இல் நிறுவப்பட்ட மக்கள் வங்கியும். 1977க்குப் பின்னான கொள்கையும் அதைத் தொடர்ந்த போரும் அவற்றை நலிவித்தன. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. மற்றையது, பெண்கள் தமக்குள் நடத்திய சீட்டு. சீட்டுக்குச் சட்டமில்லை, பதிவில்லை. ஒருவரையொருவர் அறிந்திருத்தலே அதன் பிணை. பத்துப் பேர் கட்டினால் பத்துப் பேரும் எடுப்பர். கீழே முடிவின்றி ஆள் சேர வேண்டியதில்லை. வலைப்பின்னல் வணிகத்தார் தம் முறையைச் சீட்டுக்கு ஒப்பிட்டுப் பேசுவதுண்டு. இரண்டும் கணிதத்திலேயே வேறானவை.

அக்கணிதத்தை மட்டக்களப்பு மாவட்டத்தையே கொண்டு காட்டலாம். ஒருவர் இருவரையும் அவ்விருவர் நால்வரையும் சேர்ப்பதாகக் கொள்வோம். முதல்வருக்குக் கீழே 18 படிகள் முடியும்போது மொத்தத் தொகை 524,287. 2012ஆம் ஆண்டின் குடித்தொகைக் கணிப்பின்படி மாவட்டத்தின் மொத்த மக்கள், தொட்டிற் குழந்தை உட்பட, ஏறத்தாழ ஐந்தேகால் இலட்சமே. அவர்களுட் கடைசிப் படியில் நிற்போர் 262,144 பேர், அதாவது பாதிப்பேர்; அவர்களுக்குக் கீழே சேர்க்க மாவட்டத்தில் எவரும் இல்லை. அதற்கு முந்திய படியில் மேலும் காற்பங்கினர். 18 படிகள் என்பது மாதத்துக்கு ஒரு படியாகக் கொண்டால் ஒன்றரை ஆண்டு. இரு போகங்கள், மூன்று போகங்கள்.

போர் கிழக்கில் 2007இலும் நாடு முழுவதும் 2009இலும் முடிவுற்றதும் வாவியின் மறுகரைக்கு முதலிற் சென்றது மூலதனமே. குத்தகைக் கம்பனிகளும் நுண்நிதிக் கம்பனிகளும் கிராமம் கிராமமாக நுழைந்தன. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், தோணித்துறையிற் காத்திருந்த இடத்தை மோட்டார் சைக்கிளிற் கடக்க முடிந்தது. வாராந்தக் கடன் அறவிடுவோருக்கும் அதே பாலம்தான். பெண்களைக் குழுக்களாக்கி ஒருவருக்கொருவர் பிணையாக்கும் முறையை நுண்நிதியினர் புகுத்தினர். 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்படுமளவுக்கு நிலைமை முற்றிற்று. உறவினரிடையிலான நம்பிக்கையைப் பிணைப்பொருளாக மாற்றலாம் என்பதை நுண்நிதி நிறுவிக்காட்டியது. அதனையே விற்பனை வழியாக மாற்றலாம் என்பதை வலைப்பின்னல் வணிகம் பயன்படுத்திக்கொண்டது.

இங்கு குடி முறைமை பற்றி ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். மட்டக்களப்பின் தாய்வழிக் குடி அமைப்புப் பற்றி நூர் யல்மன் முதலாகத் டெனிஸ் மக்கில்வ்றே ஈறாக மானிடவியலாளர் விரிவாக எழுதியுள்ளனர். முக்குவர் சட்டத்தைப் பிரிற்றோ என்பார் 1876இல் நூலாக்கினார்; அதே ஆண்டின் கட்டளைச் சட்டம் அவ்வுரிமை முறைக்குச் சட்ட வலுவில்லாமற் செய்தது. எனினும் வாழ்க்கையில் அது அழியவில்லை. இன்றும் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கே செல்கிறார். தாயின் வளவைச் சுற்றி மூத்தவள் வீடு, இளையவள் வீடு, பெரியம்மா வீடு, சின்னம்மா வீடு என அமைகின்றன. வீடும் வளவும் பெண்ணின் பெயரில். வலைப்பின்னல் வணிகம் எங்கும் உறவினர் வழியாகவே பரவுகிறதெனினும், பெண்வழி உறவு ஒரே வேலியோரமாய் வரிசைப்பட்டிருக்கும் இப்பிரதேசத்தில் அதற்குத் தனியான கிளை வரைபடம் தேவைப்படவில்லை. தாய்வழி வளவே ஆயத்தமான வரைபடம். கடைசியில் ஈடுவைக்கப்படுவதும் பெண்ணின் சீதன நகையும் காணி உறுதியும்.

ஆயின் உறவு தானாகவே வணிகமாக மாறாது, மாற்றுவோர் வேண்டும். அவர்கள் யார்? எமது நோக்கில் அவர்கள் கிராமத்தின் கீழ்நடுத்தர வர்க்கத்தார்: பாடசாலை ஆசிரியர், காப்புறுதி முகவர், வேலையற்ற பட்டதாரி, தொண்டு நிறுவனத்து வெளிக்கள உத்தியோகத்தர். இறுதியிற் கூறப்பட்ட வகையினர் தனிக் கவனத்திற்குரியவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் பெருந்தொகையான தொண்டு நிறுவனங்கள் இக்கரையோரத்துக்கு வந்தன. அவை பல நூறு இளைஞர் யுவதியருக்குக் கூட்டம் நடத்தவும், வட்டமாக இருத்தி அறிமுகஞ்செய்யவும், பெரிய தாளிற் படம் வரைந்து விளக்கவும், தயங்குவோரைப் பேசவைக்கவும் பயிற்சியளித்தன. சில ஆண்டுகளில் நிதி வற்றிற்று, நிறுவனங்கள் சென்றன. பயிற்சி மட்டும் எஞ்சியது. சந்தையில் அத்திறனை விலைகொடுத்து வாங்க முன்வந்தது வலைப்பின்னல் வணிகமே. அதுவும் சம்பளமாக அல்ல, எதிர்கால நம்பிக்கையாக. இவ்விளைஞரைப் புரோக்கர்கள் என இகழ்வது எளிது. அவர்களுக்கு வேறு எந்த மேடை கொடுக்கப்பட்டது என்று கேட்பது கடினம்.

ஆசிரியரின் பாத்திரம் இதனினும் பழைமையானது. நாவலர் காலந்தொட்டே ஈழத்துக் கிராமத்தில் எழுத்தறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் அதிகாரியாக விளங்கியவர் அவர். அவர் கையொப்பமிட்டால் கடிதம் செல்லும்; அவர் சொன்னால் திட்டம் நம்பத்தக்கதாகும். அவரது சம்பளம் விலைவாசியின் பின்னே ஓடிக் களைத்துப்போன ஆண்டுகளில் அவரது மதிப்பு மட்டும் சந்தைப் பண்டமாக எஞ்சியிருந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெற்செய்கை சரிந்தது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு செப்டெம்பரிற் பணவீக்கம் எழுபது வீதத்தை அண்மித்தது. எம்.ரி.எப்.ஈ. போன்றவை பரவியது அப்பின்னணியிலேயே. பேராசை என்னும் சொல் அங்கு பொருந்தாது. ஒரு மாதச் சம்பளம் ஒரு மாதத்துக்குப் போதாதபோது மேலதிக வருவாயைத் தேடுதல் ஆசையன்று, கணக்கு.

*

இனிச் சட்டத்தின் மொழிக்கு வருவோம். 83சீ பிரிவு குற்றமாக்கும் வினைகளைக் கூர்ந்து நோக்கின், தொடக்குதல், முன்வைத்தல், ஊக்குவித்தல், விளம்பரஞ்செய்தல், நடத்துதல், நிதியளித்தல், முகாமைசெய்தல், நெறிப்படுத்தல் என அவை அடுக்கப்பட்டுள்ளன. நேராகவோ மறைமுகமாகவோ என்னும் அடையும் உண்டு. சட்டம் இயற்றியோர் எவரும் தப்பலாகாது எனக் கருதி வலையை அகல வீசியுள்ளனர். விளைவு என்ன? ஹொங்கொங்கிலோ தியன்சினிலோ இருந்து நெறிப்படுத்தியவரும், கொக்கட்டிச்சோலையில் தன் தங்கைக்கு எடுத்துச்சொன்ன அக்காவும் ஒரே வாக்கியத்தின் கீழ் வருகின்றனர். முன்னவர் சட்டத்தின் எல்லைக்கு வெளியே. பின்னவர் பொலிஸ் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில். பணத்தை இழந்தவர் முறைப்பாடு செய்யச் சென்றால், எத்தனை பேரைச் சேர்த்தீர் என்பதே முதற்கேள்வியாகும். ஆதலால் அவர் செல்வதில்லை. முறைப்பாடு இல்லாதவிடத்து வழக்கில்லை, வழக்கில்லாதவிடத்துப் பதிவில்லை.

மத்திய வங்கியின் பட்டியலும் நிறுவனப் பெயர்களையே தருகிறது, ஆட்பெயர்களை அன்று. கம்பனிகள் பதிவாளர் திணைக்களத்திற் பணிப்பாளர் பெயர்கள் உண்டு. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி எவரும் கட்டணம் செலுத்தி அவற்றைப் பார்க்கலாம். பார்த்தால் உள்நாட்டவர் சிலரின் பெயர்கள் கிடைக்கலாம். அவர்களின் பின்னே பங்குரிமை கொண்டது வெளிநாட்டு நிறுவனமாயின் ஏடு அவ்விடத்தில் முடிந்துவிடும். செயலிகளுக்கோ அவ்வேடும் இல்லை. எனினும் கொழும்பிலுள்ள அத்திணைக்களத்துக்குச் செல்லும் வழக்கம் எமது பல்கலைக்கழகத்துச் சமூக ஆய்வாளரிடையே அரிது. ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் தேடி அலையும் நாம் கம்பனிப் படிவங்களை ஆவணமெனக் கருதப் பழகவில்லை. போடியாரின் உறுதிகளைக் கச்சேரியிற் தேடிய தலைமுறையின் மாணவர்க்கு இது புதிய வேலையன்று, அலுவலகமே வேறு.

இன்னோர் ஆவணமும் உண்டு. புதிதாகச் சேர்பவருக்கு முதல் நாள் கொடுக்கப்படும் வேலை, தாம் அறிந்தவர் பெயர்களை ஒரு கொப்பியில் நூறுவரை எழுதுதல். இது உலகெங்கும் ஒரே முறை. பினாங்கிலும் மிச்சிகனிலும் அப்பட்டியல் நண்பர், உடன்பணியாளர், அயலவர் என்று செல்லும். வாவிக்கரையில் அது எவ்வாறு தொடங்கும் என்பதை இப்பிரதேசத்தார் எவரும் சொல்லிவிடுவர்: அக்கா, தங்கை, பெரியம்மாவின் மகள், மச்சாள், பிறகே புருசனின் ஆட்கள். மூன்றாம் பக்கத்திற்குப் பின்னரே குடிக்கு அப்பாலுள்ளவர், சந்தைக்காரர், பிள்ளையின் வகுப்பாசிரியர். குடிவழக்குப் பற்றிய கள ஆய்வாளருக்கு இதனிலும் செம்மையான மூலம் கிட்டாது. யார் யாரை எந்த வரிசையில் நம்பினர், யாரிடம் முதலிற் சென்றனர், எந்தப் பெயருக்கு நேரே கோடிடப்பட்டது என்பதெல்லாம் அதில் அவரவர் கையெழுத்திலேயே உண்டு. அக்கொப்பிகளை அடுப்பில் இடுவதற்குக் காரணமிருக்கிறது. பொலிசார் கையிற் கிடைத்தால் அதே பக்கங்கள் எழுதியவருக்கு எதிரான சான்றாகும். எழுதியவரிடம் போய், அதனை எரித்துவிட வேண்டாம், எம்மிடம் தாருங்கள் என்று கேட்கும் உரிமை எமக்கு இருக்கிறதா என்பதை இக்கட்டுரையை எழுதும் காலம் முழுவதும் நாம் விவாதித்துக்கொண்டிருந்தோம். பெயர்களை மறைத்து, வரிசையை மட்டும் படியெடுத்து, கொப்பியை உரியவரிடமே திருப்பிக் கொடுத்தல் என்ற அளவில் ஒரு முறையை வகுத்துள்ளோம். படுவான்கரையில் வேளாண்மை வெட்டு முடிந்து பெண்கள் வீட்டிலிருக்கும் மாதங்களில் அதனைத் தொடங்க எண்ணியிருக்கிறோம்.